முகத்த மறைக்காத சிங்கம்: லயன் கிங் மேடையில இவ்வளவு வருஷம் ஏன் ஓடுது

1997 நவம்பர் 13ம் தேதி நியூயார்க்ல பெரிய நாடகத் தியேட்டர்கள் இருக்கற பிராட்வேல தொடங்குன தி லயன் கிங் மியூசிக்கல், அதாவது டிஸ்னியோட கார்ட்டூன் படத்த வெச்சுப் பண்ண பாட்டு நாடகம், இன்னும் ஓடிட்டு இருக்கு. லண்டன் லைசியம் தியேட்டர்ல 1999 அக்டோபர்ல ஆரம்பிச்சதும் ஓடுது, ஹாம்பர்க்ல 2001 டிசம்பர்ல ஆரம்பிச்சதும் ஓடுது, ஜப்பான்ல ஷிக்கி நாடகக் கம்பெனி 1998 டிசம்பர்ல அவங்க மொழியில போட ஆரம்பிச்சதும் ஓடுது. இது வரைக்கும் பாத்தவங்க எண்ணிக்கை 10 கோடியத் தாண்டியாச்சு. 2014லயே உலகம் பூரா டிக்கெட் வசூல் 620 கோடி டாலரத் தாண்டிடுச்சு, அந்த சமயத்துல வசூல்ல முதல் இடத்துல இருந்த சினிமா அவதார், அது கிட்டத்தட்ட 280 கோடி டாலர். சினிமா சில மாசம்தான் தியேட்டர்ல இருக்கும், நாடகம் 17 வருஷமா ஓடியிருக்கு, டிக்கெட் விலையும் பல மடங்கு அதிகம், அதனால ரெண்டையும் நேரா பக்கத்துல வெச்சுப் பாக்குறது முழு நியாயம் கிடையாது, ஒத்துக்குறேன். ஆனாலும் வாரத்துக்கு 8 ஷோ, ஒரு ஷோவுக்கு சுமார் 1,700 பேர்தான் உக்கார முடியும்ங்கற ஒரு தொழில்ல இவ்வளவு பெரிய தொகை வந்து சேருறது சாதாரண விஷயமே கிடையாது.

ஏன் ஓடுதுன்னு கேட்டா, படம் ஹிட்டு, பாட்டு ஹிட்டு, குழந்தைங்கள கூட்டிட்டு குடும்பமா வருவாங்க, வேற என்ன வேணும்னு சொல்லிடுவாங்க. அது பத்தாது. இதே டிஸ்னி கம்பெனி டார்சான நாடகமாக்கி 2006 மே மாசம் பிராட்வேல இறக்குச்சு, 2007 ஜூலைல மூடிட்டாங்க. தி லிட்டில் மெர்மெய்ட் 2008 ஜனவரில வந்துச்சு, 2009 ஆகஸ்ட்ல முடிஞ்சு போச்சு. ரெண்டுமே எல்லாருக்கும் தெரிஞ்ச படம், ரெண்டுலயும் பிரபலமான பாட்டு, பணத்துக்கும் குறைச்சல் இல்ல. அப்போ லயன் கிங்ல மட்டும் வேற ஏதோ நடந்திருக்கணும்ல. என் பார்வையில அந்த வித்தியாசம் ஒரே ஒரு முடிவுல இருக்கு: பொம்மையையும் அத ஆட்டுற மனுசனையும் ஒண்ணா மேடையில காட்டுறது, எதையும் ஒளிச்சு வைக்கறது இல்லங்கற முடிவு. மத்த காரணங்கள் பெரும்பாலும் அதுலேர்ந்து கிளை விட்டு வந்ததுதான்.

முதல்ல கொஞ்சம் பின்கதை. டிஸ்னி பிராட்வேக்கு வந்தது 1994 ஏப்ரல்ல, பியூட்டி அண்ட் தி பீஸ்ட் மூலமா. படத்துல என்ன இருந்துச்சோ அத முடிஞ்ச வரைக்கும் அப்படியே மேடையில கொண்டு வர்றதுதான் அப்போ அவங்க வழி, டீ பாத்திரமா வர்றவங்களுக்கு டீ பாத்திர வேஷம், மெழுகுவர்த்தியா வர்றவருக்கு கையில நெருப்பு. 13 வருஷம் ஓடுச்சு, அதனால தோல்வின்னு யாரும் சொல்ல முடியாது, ஆனா இது நாடகமே இல்ல, தீம் பார்க் ஷோவப் பெருசாக்கி வெச்சிருக்காங்கன்னு நாடகத்துறைல ஒரு ஏளனம் இருந்துட்டே இருந்துச்சு. அதே சமயத்துல டிஸ்னி 42வது தெருவுல இருந்த நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டர எடுத்து சரி பண்ண ஒத்துக்குச்சு. 1903ல கட்டுன தியேட்டர் அது, ஒரு காலத்துல ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ்ங்கற பிரபலமான ஆட்டம் பாட்டு நிகழ்ச்சி நடந்த இடம், பிற்பாடு கூரை ஒழுகி பாழடைஞ்சு கிடந்துச்சு, அந்தத் தெருவும் அப்போ குடும்பத்தோட நடந்து போற இடமா இல்ல. மாநிலமும் நகரமும் குறைஞ்ச வட்டிக்குக் கடன் கொடுத்தாங்க, டிஸ்னி வேலைய முடிச்சு 1997ல திறந்துச்சு. திறந்த தியேட்டருக்கு ஒரு பெரிய நாடகம் தேவைப்பட்டுச்சு.

1994 ஜூன்ல வந்த லயன் கிங் படத்த நாடகமாக்கலாம்னு சொன்னது கம்பெனித் தலைவர் மைக்கேல் ஐஸ்னர். நாடகப் பிரிவப் பாத்துட்டு இருந்த டாமஸ் ஷூமாக்கருக்கு இது நடக்காத காரியம்னுதான் முதல்ல தோணுச்சு, அவர் யோசிச்சதுல தப்பும் இல்ல. பியூட்டி அண்ட் தி பீஸ்ட்ல கதாநாயகி ஒரு பொண்ணு, கிராமம் இருக்கு, கோட்டை இருக்கு. லயன் கிங்ல ஒரு மனுசன் கூட கிடையாது. கதையே புல்வெளியில நடக்குது, கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் விலங்குதான், கதையோட முக்கியமான திருப்பம் ஆயிரக்கணக்கான காட்டுமாடு தலைதெறிக்க ஓடி வர்ற ஒரு பள்ளத்தாக்குல நடக்குது. ரோமம் ஒட்டுன சிங்க டிரெஸ்ஸுக்குள்ள நடிகர நிக்க வெச்சா ரெண்டரை மணி நேரம் யாரும் அத சிங்கமா நம்ப மாட்டாங்க.

அப்பதான் ஷூமாக்கர் இயக்குநர் ஜூலி டேமோர கூப்பிடுறார். இந்த முடிவுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. அவங்க அது வரைக்கும் பெரிய வணிக மியூசிக்கல் எதுவும் பண்ணினவங்க இல்ல. பாரிஸ்ல ஜாக் லெகோக் பள்ளியில மைம், அதாவது பேசாம உடம்பாலயே நடிக்கற கலை, படிச்சவங்க, 1970கள்ல ஒரு உதவித்தொகைல இந்தோனேசியா போய் நாலு வருஷம் அங்கயே தங்கி பாலியோட முகமூடி நாடகம், ஜாவாவோட வாயாங் நிழல் பொம்மை எல்லாம் கிட்ட இருந்து பாத்து, அங்கயே ஒரு நாடகக் குழுவும் நடத்துனவங்க. ஜப்பானோட புன்ராக்கு பொம்மலாட்டமும் அவங்களுக்கு நல்லாத் தெரியும். 1992ல ஜப்பான்ல செய்ஜி ஒசாவா இசை நடத்த ஈடிபஸ் ரெக்ஸ் ஆப்பெராவ இயக்கினாங்க. இப்படி ஒரு ஆளுகிட்ட டிஸ்னி தன்னோட தங்க முட்டையக் கொடுத்துச்சு.

நம்ம ஊர் தோல்பாவைக்கூத்து பாத்தவங்களுக்கு இத சுலபமா சொல்லிடலாம். அதுல திரைக்குப் பின்னாடி உக்காந்து பாவைய ஆட்டி, ஏழெட்டு குரல்ல பேசி, பாடவும் செய்ற ஆள கடைசி வரைக்கும் நம்ம பாக்க மாட்டோம். டேமோர் பண்ணது அந்தத் திரைய எடுத்துட்டது. பாவையும் தெரியும், ஆட்டுறவரும் தெரியும், அவர் முகத்துல ஓடுற கோபமும் பயமும் கூட தெரியும், நம்ம கண்ணு ரெண்டுக்கும் நடுவுல போய்ட்டு வந்துட்டு இருக்கும், அஞ்சு நிமிஷத்துல மனசு தானாவே ரெண்டையும் ஒண்ணாக்கிடும். இதுக்கு டேமோர் வெச்ச பேரு இரட்டை நிகழ்வு.

மேடையில இது எப்படி வேலை செய்யுதுன்னு ஸ்கார்கிட்ட இருந்து பாக்கலாம். கதையில முஃபாசா சிங்க ராஜா, சிம்பா அவரோட மகன், ஸ்கார் ராஜாவாக ஆசைப்படற தம்பி. முஃபாசா, ஸ்கார் ரெண்டு பேரோட முகமூடியும் முகத்துல மாட்டுறது கிடையாது, தலைக்கு மேல நிக்கும். பாக்க மரத்துல செதுக்குன மாதிரி கனமா இருக்கும், ஆனா கார்பன் கிராஃபைட்ல பண்ணது, முஃபாசாவோடது சுமார் 300 கிராம், ஸ்காரோடது 200 கிராம்தான். டேமோரும் பொம்மை வடிவமைப்பாளர் மைக்கேல் கரியும் சேர்ந்து வடிவமைச்சது இதெல்லாம். ஸ்கார் சாதாரணமா பேசும்போது முகமூடி மேல இருக்கும், நடிகர் முகத்தத்தான் நம்ம பாப்போம், நயவஞ்சகமா சிரிக்கற ஒரு மனுசன். கோபம் வந்து உடம்ப முன்னாடி வளைக்கும்போது கைக்குள்ள மறைச்சு வெச்சிருக்கற ஒரு சின்ன கட்டுப்பாட்ட அழுத்துவார், முகமூடி அப்படியே முன்னாடி வந்து அவர் முகத்துக்கு நேரா இறங்கும், அந்த நொடி மனுசன் போய் மிருகம் வந்துடும். ஒரு குணம் மாறுறத இவ்வளவு எளிமையா காட்ட முடியும்னு எனக்குத் தெரிஞ்சு வேற எந்தப் பெரிய நாடகத்துலயும் இல்ல. முகமூடியோட வடிவத்தயும் கவனிங்க, முஃபாசாவோடது சூரியன் மாதிரி வட்டமா, ரெண்டு பக்கமும் சமமா இருக்கும், ஸ்காரோடது கோணலா, எலும்பு துருத்திட்டு, ஒரு பக்கம் சாய்ஞ்சு நிக்கும்.

சிம்பாவோட நண்பனா வர்ற கீரி மாதிரி விலங்கு டிமோனுக்கு வேற வழி. நடிகர் உடம்பு முழுக்க பச்சை, அவருக்கு முன்னாடி ஆளுயர பொம்மை, பொம்மையோட காலு இவரு காலோட சேர்ந்திருக்கும், ஒரு கை பொம்மையோட தலையையும் வாயையும் ஆட்டும். புன்ராக்குவோட தாக்கம் இதுல நல்லாத் தெரியும். இன்னொரு நண்பன், காட்டுப்பன்னி பும்பா ஆடுறவருக்குத்தான் பாவம் அதிக கஷ்டம், 20 கிலோ கிட்ட எடைய உடம்புல மாட்டிட்டுப் பாடி ஆடணும். ஒட்டகச்சிவிங்கிக்கு நடிகர் ஏணியில ஏறி உள்ள புகுந்து ரெண்டு காலுக்கும் ரெண்டு கைக்கும் கட்டை கட்டிட்டு நடந்து வருவார், உயரம் 14 அடி, கழுத்துக்குக் கீழ அவரோட முகம் வெளிய தெரியும். யானைக்குள்ள நாலு பேர். மான்கூட்டத்துக்கு ஒரே ஒரு ஆள் போதும், சக்கரங்கள்ல மான் பொம்மைகள மாட்டி அவர் தள்ளிட்டுப் போவார், சக்கரம் சுத்தச் சுத்த மானெல்லாம் குதிச்சுக் குதிச்சு ஓடும். டேமோர் முதல் முதல்ல கம்பெனிக்குக் காட்டுன யோசனைகள்ல இந்த மான் சக்கரமும் ஒண்ணு. நாடகம் முழுசுக்கும் வட்டம்தான் அடிப்படை உருவம்னு அவங்க ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டாங்க, சூரியன், முஃபாசாவோட முகமூடி, தண்ணிக்குட்டை, தரையிலேர்ந்து சுத்திட்டே எழும்பி வர்ற பாறைன்னு எங்க பாத்தாலும் வட்டம் இருக்கும்.

அந்தக் காட்டுமாடு காட்சிக்கு வருவோம், முடியாதுன்னு சொன்னதுக்கே முக்கிய காரணம் அதுதானே. பள்ளத்தாக்கு மாதிரி அடுக்கடுக்கா தட்டி நிக்கும். ரொம்பப் பின்னாடி ஒரு துணியில வரைஞ்ச மாடுங்க சுருள் மேல ஓடும், அதுக்கு முன்னாடி உருளைங்க மேல சின்னச் சின்ன மாட்டு பொம்மைங்க சுத்தும், அடுத்த உருளைல அதவிடப் பெருசு, கடைசியா மேடை முன்னாடி நடனக்காரங்க பெரிய மாட்டு முகமூடிய ஏந்திட்டுப் பாய்ஞ்சு வருவாங்க, எல்லாருக்கும் முன்னாடி குட்டி சிம்பா ஓடுவான். தூரத்துல சின்னதா தெரிஞ்சது கிட்ட வர வர பெருசாகுதுங்கற கண்ணோட பழக்கத்த வெச்சே மொத்தக் காட்சியும் பண்ணியிருக்காங்க, கம்ப்யூட்டர் கிடையாது, வீடியோ திரை கிடையாது. பஞ்சம் வர்றதும் இப்படித்தான், மேடை நடுவுல வட்டமா விரிச்ச நீலப் பட்டுத்துணி தண்ணிக்குட்டை, தரையில இருக்கற ஒரு சின்ன ஓட்டை வழியா கீழேர்ந்து அத மெல்ல இழுப்பாங்க, குட்டை சுருங்கிச் சுருங்கிக் காணாமப் போயிடும். முஃபாசா செத்ததும் பெண் சிங்கங்க அழுவுறப்போ கண்ணுலேர்ந்து வெள்ளை நாடாவ உருவி நீளமா இழுப்பாங்க.

எப்படிப் பண்றாங்கன்னு முழுசாத் தெரிஞ்சும் மனசு உருகுதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. பாதி வேலைய நம்மகிட்ட விட்டுட்டாங்க. துணியப் பாத்து தண்ணின்னு எடுத்துக்கறது நம்ம, அதனால அந்தக் காட்சியில நமக்கும் பங்கு இருக்கு. லிட்டில் மெர்மெய்ட்ல கடலுக்குள்ள நீந்துறதக் காட்ட நடிகர்களுக்கு சக்கரம் வெச்ச ஷூ போட்டு விட்டாங்க, டார்சான்ல கயித்துல தொங்கி ஆடினாங்க. ரெண்டுலயும் சாகசம் இருந்துச்சு, பாக்குறவங்க சேத்துக்க இடம் இல்ல. இன்னொரு பக்கம் 2019ல வந்த புதுப் படத்த எடுத்துக்கங்க, நிஜ சிங்கம் மாதிரியே கம்ப்யூட்டர்ல உருவாக்கி 160 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணாங்க, ஆனா சிங்கத்தோட மூஞ்சில ஒரு உணர்ச்சியும் தெரியலயேன்னு பாத்தவங்க நிறைய பேர் வருத்தப்பட்டாங்க. நிஜமா இருக்கணும்னு போனா அழுவுற சிங்கத்தக் காட்ட முடியாது, ஏன்னா நிஜ சிங்கம் அப்படி அழாது.

இந்த யோசனைய கம்பெனி உடனே ஏத்துக்கல. முகமூடிக்குக் கீழ மனுச முகம் தெரிஞ்சா ஜனங்க குழம்பிடுவாங்களோன்னு ஐஸ்னருக்கு சந்தேகம். டேமோர் அவகாசம் கேட்டு, சில பாத்திரங்கள முழுப் பொம்மையோட ஒரு தடவையும் வெறும் மேக்கப், டிரெஸ்ஸோட இன்னொரு தடவையும் நடிக்க வெச்சுக் காட்டினாங்க. பாத்துட்டு ஐஸ்னர் முதல்ல சொன்ன யோசனைக்கே போங்கன்னுட்டார், ஆபத்து பெருசா இருந்தா பலனும் பெருசா இருக்கும்ங்கறது அவர் சொன்ன நியாயம். அந்த ஒரு நாள் அவர் பயந்து பின்வாங்கியிருந்தா இன்னிக்கு இத எழுதிட்டு இருக்க வேண்டியதே இல்ல.

கதையிலயும் மாத்தம் உண்டு. கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஓடுற படத்த ரெண்டரை மணி நேரம் ஆக்கணும்ல. படத்துல பெண் பாத்திரங்களுக்கு வேலையே கம்மி, அதனால பூசாரி மாதிரி வர்ற குரங்கு ரஃபிக்கிய டேமோர் பெண்ணா மாத்தினாங்க, முதல் பிராட்வே குழுவுல ட்சிடி லெ லோகா பண்ணாங்க. சிம்பாவோட சின்ன வயசுத் தோழி நாலாவுக்கு ஏன் ஊர விட்டுப் போறாங்கறதுக்கு ஒரு அழுத்தமான காரணம் கொடுத்தாங்க, ஸ்கார் அவளத் தனக்கு ஜோடியாக்கிக்க வற்புறுத்துறான், அவ மறுத்துட்டுக் கிளம்புறா. அந்த இடத்துல நாலா பாடுற ஷேடோலேண்ட்தான் என்னக் கேட்டா நாடகத்தோட உயிர், படத்துல அது கிடையவே கிடையாது.

இங்க லெபோ எம் பத்திப் பேசாம இருக்க முடியாது. இசையமைப்பாளர், பாடகர், 1964ல தென்னாப்பிரிக்காவோட சொவேட்டோல பொறந்தவர், நிறவெறி ஆட்சி நடந்த காலத்துல சின்ன வயசுலயே நாட்ட விட்டு வெளியேறி அமெரிக்கா வந்தவர். படம் ஆரம்பிக்கும்போது ஸூலு மொழியில ஒரு குரல் சூரியனோட சேர்ந்து எழும்புமே, அது அவர் குரல். எல்டன் ஜான், டிம் ரைஸ் பாட்டுங்க எல்லாருக்கும் தெரியும், ஹான்ஸ் சிம்மருக்கு பின்னணி இசைக்கு ஆஸ்கார் கிடைச்சதும் தெரியும். ஆனா நாடகத்துக்கு முதுகெலும்பு லெபோ எம் பண்ண கோரஸ்தான். படத்துக்கு அப்புறம் 1995ல வந்த ஒரு ஆல்பத்துல அவரும் சிம்மரும் மார்க் மன்சினாவும் பண்ண இசையிலேர்ந்துதான் ஹி லிவ்ஸ் இன் யூ, ஷேடோலேண்ட் எல்லாம் மேடைக்கு வந்துச்சு. நாடகத்துல ஸூலு, கோசா, சோத்தோ, ட்ஸ்வானா, சுவாஹிலி, காங்கோ மொழின்னு ஆறு ஆப்பிரிக்க மொழி கேக்கும், எதுக்கும் மேடையில அர்த்தம் சொல்ல மாட்டாங்க. தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சி முடிஞ்சு மூணே வருஷத்துல, பிராட்வேல கறுப்பினக் கலைஞர்கள் நிறைஞ்ச மேடையில இந்த மொழிகள் கேட்டுச்சுன்னா அது சின்ன விஷயம் இல்ல. இன்னிக்கும் உலகத்துல எங்க போட்டாலும் அந்தக் குழுவுல தென்னாப்பிரிக்கப் பாடகர்கள் இருப்பாங்க.

1997 ஜூலைல மினியாபொலிஸ் ஆர்ஃபியம் தியேட்டர்ல வெள்ளோட்டம் பாத்துட்டு நவம்பர்ல நியூயார்க் வந்துச்சு. அதே 42வது தெருவுல எதிர்ப்பக்கம் 1998 ஜனவரில ராக்டைம் திறந்தாங்க, அதுவும் பெரிய மியூசிக்கல். பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கற பெரிய விருதான டோனியில அந்த வருஷம் சிறந்த கதைவசனம், சிறந்த பாட்டு ரெண்டும் ராக்டைமுக்குத்தான் போச்சு, சிறந்த மியூசிக்கல் லயன் கிங்குக்கு. இயக்கத்துக்கு டேமோர், நடன அமைப்புக்கு கார்த் ஃபேகன், மேடை வடிவமைப்புக்கு ரிச்சர்ட் ஹட்சன், ஒளிக்கு டொனால்ட் ஹோல்டர், உடைக்கு மறுபடியும் டேமோர்னு மொத்தம் ஆறு. மியூசிக்கல் இயக்கத்துக்கு டோனி வாங்குன முதல் பெண் டேமோர்தான். விருது பிரிஞ்ச விதமே விஷயத்த சொல்லிடுது, எழுத்துல இது பலமான நாடகம் கிடையாது, விமர்சகர்களும் அப்பவே கதை சொல்ற விதம் தொய்யுதுன்னு எழுதினாங்க, ரெண்டாவது பாதி முதல் பாதி அளவுக்கு நிக்காதுங்கறது என் அபிப்பிராயமும்தான். ராக்டைம் 2000 ஜனவரில முடிஞ்சிடுச்சு.

இப்ப ஓடுற கணக்குக்கு வரலாம். பிராட்வேல பல நாடகம் ஒரு பிரபல நடிகர நம்பி ஓடும், அவர் விலகுன வாரம் வசூல் படுத்துடும். லயன் கிங்ல யார் முஃபாசான்னு பாத்து டிக்கெட் வாங்குறவங்க ரொம்பக் கம்மி. நடிகர் மாறினாலும் முகமூடி அதே முகமூடி, உடம்பசைவு சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒண்ணு, அதனால நியூயார்க்ல போட்டத ஹாம்பர்க்லயும் டோக்கியோலயும் அதே தரத்துல போட முடியுது. குட்டி சிம்பா, குட்டி நாலா வேஷத்துக்கு குழந்தைங்கள மாத்தி மாத்தி ஆட வைப்பாங்க, உயரம் கூடினா வேற குழந்தை வந்துடும். பட்டுத்துணியும் மூங்கிலும் பழசாகும், ஆனா காலாவதி ஆகாது. 1997ல கம்ப்யூட்டர் வித்தைய நம்பி பண்ணியிருந்தா 2005லயே பாக்க சகிச்சிருக்காது.

2006 ஜூன்ல நியூ ஆம்ஸ்டர்டாம மேரி பாப்பின்ஸுக்கு விட்டுட்டு டைம்ஸ் ஸ்கொயர்ல இருக்கற மின்ஸ்காஃப் தியேட்டருக்கு மாறுச்சு. இடம் மாறினா ஓட்டம் குறையும்னு ஒரு பயம் இருக்கும், இதுக்கு ஒண்ணும் ஆகல. டிக்கெட் விலையிலயும் நல்ல யோசனை பண்ணாங்க. மத்த ஹிட் நாடகங்கள் முன்வரிசைக்கு 400 டாலருக்கு மேல ஏத்திட்டு இருந்தப்போ இவங்க உச்ச விலைய அந்த அளவுக்கு ஏத்தாம, பழைய விற்பனைக் கணக்க வெச்சு எந்த வாரம் எந்த சீட்டுக்கு எவ்வளவுன்னு ஒரு ப்ரோக்ராம் மூலமா முடிவு பண்ணாங்க, விடுமுறை வாரம்னா ஏறும், ஆள் வராத வாரம்னா இறங்கும். 2013ல பிராட்வேல அந்த வருஷ வசூல்ல மறுபடியும் முதல் இடத்துக்கு வந்தாங்க, அப்போ நாடகத்துக்கு வயசு 16. நாலு பேர் குடும்பம் வாங்கற விலையில டிக்கெட் கிடைச்சாத்தான் குடும்ப நாடகம் நிலைக்கும், அது அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு.

ஊருக்கு ஊரு சின்ன மாத்தமும் பண்ணிப்பாங்க. ஜப்பான்ல டிமோனும் பும்பாவும் எந்த ஊர்ல நாடகம் நடக்குதோ அந்த ஊர் வட்டாரப் பேச்சுல பேசுவாங்க. 2016ல ஷாங்காய்ல சீன மொழியில போட்டப்போ சீனப் பழங்கதையில வர்ற குரங்கு ராஜாவ உள்ள கொண்டு வந்தாங்க. ஹாம்பர்க்ல தியேட்டர் எல்ப ஆத்துக்கு அந்தப் பக்கம், பாக்க வர்றவங்கள படகுல கூட்டிட்டுப் போவாங்க. 2011 அக்டோபர்ல ஆட்டிசம் இருக்கற குழந்தைங்களுக்காக சத்தத்தயும் வெளிச்சத்தயும் குறைச்சு, நடுவுல எழுந்து போய் அமைதியா உக்கார இடமும் ஒதுக்கி ஒரு தனி ஷோ மின்ஸ்காஃப்ல நடத்தினாங்க, பிராட்வேல அந்த மாதிரி நடந்த முதல் ஷோ அதுதான், அதுக்கப்புறம் மத்த நாடகங்களும் பண்ண ஆரம்பிச்சாங்க. குழந்தைய தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போகவே முடியாதுன்னு இருந்த வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்.

எல்லாத்தயும் கொண்டாடிட்டு ஒரு விஷயத்த விட்டுட முடியாது. படத்துலயும் நாடகத்துலயும் டிமோனும் பும்பாவும் தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட் பாட்ட கொஞ்ச நேரம் பாடுவாங்க. அதோட மூலம் ம்பூபே, 1939ல ஜோகன்னஸ்பர்க்ல சாலமன் லிண்டாங்கற ஸூலு பாடகர் தன் குழுவோட பதிவு பண்ணது. பாட்டோட உரிமை 10 ஷில்லிங்குக்குக் கைமாறிடுச்சு. அமெரிக்காவுல அது வேற வேற பேருல, ஆங்கில வரியோட, உலக ஹிட் ஆச்சு, லிண்டா 1962ல ஏழையாவே செத்தார். 2000ல ரியான் மலான்ங்கற தென்னாப்பிரிக்க எழுத்தாளர் இத விரிவா எழுதினப்புறம்தான் உலகம் திரும்பிப் பாத்துச்சு. 2004ல குடும்பத்துக்காக டிஸ்னி மேல வழக்கு போட்டாங்க, பிரிட்டிஷ் காலத்து 1911 காப்புரிமைச் சட்டப்படி எழுதினவர் செத்து 25 வருஷத்துல உரிமை வாரிசுகளுக்குத் திரும்பணும்ங்கறது அவங்க வாதம். டிஸ்னி பாட்ட வேற ஒரு கம்பெனிகிட்ட முறையா உரிமம் வாங்கித்தான் பயன்படுத்துச்சு, அது உண்மை, ஆனா அந்த உரிமமே நியாயமா வந்ததாங்கறதுதான் கேள்வி. 2006ல சமரசம் ஆச்சு, குடும்பத்துக்கு பழைய பாக்கியும் இனிமே வர்ற வருமானத்துல பங்கும், லிண்டாவுக்கு இசையமைச்சவர்ங்கற பேரும் கிடைச்சுது. அவர் செத்து 44 வருஷம் கழிச்சு.

ஆப்பிரிக்காவப் பத்தின கதைய ஆப்பிரிக்காக்காரங்க அல்லாதவங்க உருவாக்கி, பல நாட்டு மொழியையும் துணியையும் கலந்து ஒரே ஆப்பிரிக்காவா காட்டுறாங்கங்கற விமர்சனமும் இருக்கு, அதுல நியாயம் இருக்கு. அதே மேடையில பாடிச் சம்பாதிச்சு ஊருக்கு அனுப்புற தென்னாப்பிரிக்கக் கலைஞர்கள் இத்தனை வருஷமா நிறைய பேர் உருவாகி இருக்காங்க, 2007ல ஜோகன்னஸ்பர்க்லயே நாடகத்த அவங்களே போட்டாங்க, அதுவும் நிஜம். ரெண்டையும் சேத்து வெச்சுத்தான் பாக்கணும்.

2020 மார்ச் 12ம் தேதி கொரோனாவால பிராட்வே மொத்தமா மூடுச்சு, ஒன்றரை வருஷம் விளக்கு எரியல. 2021 செப்டம்பர் 14ம் தேதி ஹாமில்டன், விக்கெட்ங்கற பெரிய மியூசிக்கல்கள் திறந்த அதே நாள்ல லயன் கிங்கும் திறந்துச்சு. நியூயார்க்கோ லண்டனோ போற வாய்ப்பு இருந்து பாக்கணும்னு நினைக்கறவங்க கீழ்த்தளத்துல நடைபாதை ஓரமா சீட் கிடைக்குதான்னு பாருங்க, முதல் பாட்டுல யானையும் மத்த விலங்குகளும் ஆடியன்ஸ் நடுவுல அந்த வழியாத்தான் மேடைக்குப் போகும், முகமூடியோட இழை தெரியற அளவுக்குக் கிட்ட வரும். காசு இடிச்சா மாடி சீட்டும் மோசம் இல்ல, காட்டுமாடு காட்சியோட ஆழம் மேலேர்ந்து இன்னும் நல்லாத் தெரியும், மேடைக்கு ரெண்டு பக்கமும் மாடத்துல உக்காந்து தாளம் வாசிக்கறவங்களையும் பாக்கலாம். லேட்டா மட்டும் போயிடாதீங்க, நடைபாதையில விலங்கு வர்றதால முதல் பாட்டு முடியற வரைக்கும் உள்ள விட மாட்டாங்க, அந்தப் பாட்ட விட்டா பாதி காசு போன மாதிரி.